நான்காம் அடுப்பின் இடம்

என் பேனாவை ஒருநாளும் நம்பாமல் என் கால்களை மட்டும் நம்பிய செல்லக்காவுக்கு,

சிமென்ட் வந்துவிட்டது, அக்கா. யுத்தம் முடிந்தும் கண்ணில் காணக் கிடைக்காத சிமென்ட், யாரோ யாரையோ பிடித்து பர்மிட் வாங்கி, மாட்டு வண்டியில் ஏறி, கொள்ளிடக் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. காத்தாயி கோயில் வேப்பமரத்தடியில் மூட்டைகளை அடுக்கி வாழைச்சருகு போட்டு மூடியிருக்கிறார்கள். ஆடிப் பொங்கலுக்குள் அடுப்பு மேடை எழும்பியாக வேண்டுமாம். ராமலிங்கம் சித்தப்பா காலையிலும் மாலையிலும் போய் மூட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறார். பேரன் பிறந்தபோதுகூட அவர் அப்படித் தடவிப் பார்த்ததில்லை.

நீ தை மாதம் டைபாய்டில் போனாய். இத்தனை மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதாததைத் துக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம். நாம் இருவரும் சேர்ந்து தேடிய குடும்பக் கதையில் பாதி என் காகிதங்களில் இருக்கிறது. மீதியை நீ தலையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். "எழுதி வை அக்கா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? "எனக்கு ஞாபகம் இருக்குடா வைத்தி, நீ உன் பேப்பர்காரப் புத்தியோட எழுதிக்க" என்பாய். உனக்கு ஞாபகம் இருக்கிறது, சரி. இப்போது நான் யாரிடம் போய்க் கேட்பது?

பங்காளிகளிடமா? நீ போன அன்று அவர்கள் பேசிக்கொண்டதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்றிருந்தேன். சொல்லிவிடுகிறேன். "கட்டிக்கொடுத்த பொண்ணுதானே, நமக்கு மூணு நாள் தீட்டுதான், அப்புறம் கல்யாணப் பேச்சு பேசலாம்." இந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வழியில் உறவு என்று அவர்கள் எல்லோரையும்விட அதிகமாகத் தெரிந்துவைத்திருந்தவள் நீ. அவர்கள் கணக்கில் நீ மூன்று நாள்.

இது பத்திரிகையில் வரப்போகும் கடிதம். ஆகவே உனக்குத் தெரிந்த சிலவற்றைப் படிப்பவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள், அல்லது தாண்டிப் படி.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தை ஒட்டிய கொல்லைகளில் வாழை போடுகிற குடும்பம் எங்களுடையது. அண்ணன் தம்பிகளின் வழிவந்த பங்காளிகள். ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு, கரையோரக் காத்தாயி கோயிலில் பொங்கல் வைப்போம். ஒரு வீட்டுக்கு ஒரு பானை. மூத்தவர் வழி வீட்டின் அடுப்பு மேற்கு ஓரம். அங்கிருந்து வயது வரிசையாகக் கிழக்கே வரும். ஒவ்வோர் அடுப்புக்கும் மூன்று கல். வருஷம் முழுவதும் அந்தக் கற்கள் பாதி மண்ணில் புதைந்து அங்கேயே கிடக்கும். ஒரு வீட்டுக் கல்லை அந்த வீட்டு மூத்த ஆண்தான் தொடலாம், எடுக்கலாம், நகர்த்தலாம். மற்றவர் கை படக்கூடாது. இது கண்டிப்பு.

மூன்றாம் அடுப்புக்கும் அதற்கடுத்த அடுப்புக்கும் நடுவில் ஒரு பானை வைக்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கும். அங்கே கல் கிடையாது. யாரும் விறகைக்கூட அங்கே சாத்துவதில்லை. குழந்தை போய் உட்கார்ந்தால் தூக்கிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "வழக்கம்."

அடுப்புகளை எண்ணும்போது ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்றுதான் எண்ணுவோம். பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டதால் அது எங்கள் காதுக்கு விநோதமாகப் படவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக எண்ணுகிற பையன், கோயில் வாசலில் வந்து நின்றால் நாலை விட்டுவிட்டு எண்ணுவான். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஊர் உலகத்து வழக்குகளையெல்லாம் பத்திரிகையில் குறுக்கு விசாரணை செய்கிறவன் என்று பெயர் எடுத்த பிறகும் அப்படித்தான் எண்ணினேன்.

நீதான் நிறுத்தினாய். பொன்மலை ரயில்வே பட்டறையில் அத்தான் குமாஸ்தாவாகச் சேர்ந்த வருஷம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கலில் வேலை கிடையாது. அரிசி களையக்கூடாது, அடுப்பு ஊதக்கூடாது. விருந்தாளி போல ஓரமாக நிற்கவேண்டும். உள்ளே வேலையாக இருந்த எங்கள் கண்ணில் படாதது, சும்மா நின்ற உன் கண்ணில் பட்டது.

"வைத்தி, நாலு எங்கடா?"

"எந்த நாலு?"

"ஒண்ணு ரெண்டு மூணு அஞ்சுன்னு எண்ணுறீங்களே, நாலை எந்தக் காக்கா தூக்கிட்டுப் போச்சு?"

நான் சிரித்தேன். இரண்டு நாள் கழித்துச் சிரிப்பு நின்றது.

அப்படித்தான் ஆரம்பித்தோம். நீ வேலை செய்த விதம் எனக்கு எரிச்சலூட்டியது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் பெயர், வயது, வருஷம் என்று கேட்பேன். எதிரில் இருப்பவர் கோர்ட்டில் நிற்பவர்போல வாயை மூடிக்கொள்வார். நீ நேராக அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்ப்பாய். கல்யாணச் சீராக வந்த அண்டா, குண்டான், சொம்பு எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்குமே. எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு என்ன வந்தது என்று வைத்துக்கொண்டு உறவைக் கோத்துவிடுவாய். நம் வீட்டுப் பாத்திரத்தில் பெயருக்கு முன்னால் காத்தாயிக்காக ஒரு "கா" வெட்டுகிற பழக்கம் உண்டு. அந்தக் "கா"வைத் தேடித்தான் ஊர் ஊராகப் போனோம். அத்தானின் ரயில்வே பாஸில் நீங்கள் இருவரும். பாஸில் சேராத நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னால்.

மணப்பாறை நினைவிருக்கிறதா? இரண்டாம் அடுப்பு வீட்டில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்ட காமாட்சி அத்தை, நீ பரண்மேல் ஏறி அண்டாவை உருட்டுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாளே.

"ஏம்மா, பொண்ணு பாக்க வந்தீங்களா, ஏலம் எடுக்க வந்தீங்களா?"

"பேரு பாக்க வந்தோம் அத்தை."

"பேரு பாக்குறவ பாத்திரத்தையும் தேய்ச்சு வச்சிட்டுப் போ. புளி அந்த மாடத்துல இருக்கு."

நீ தேய்த்தாய். நானும் தேய்த்தேன். அன்று மாலைதான் காமாட்சி அத்தை வாய் திறந்து, "நாலாவது வீடு அத்துப்போச்சுப்பா, வாரிசு இல்ல" என்றாள். அதற்கு முன்பே திருவெறும்பூரில் முதல் அடுப்பு வீட்டுப் பெரியவரும் அதையே சொல்லியிருந்தார். இரண்டு பேர் தனித்தனியே ஒன்றைச் சொன்னால் அச்சேற்றலாம் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். "நான்காம் மகன், வாரிசின்றி முடிந்தது" என்று எழுதிக் கோடு போட்டேன்.

ரயிலில் திரும்பும்போது நீ ஒத்துக்கொள்ளவில்லை. "வாரிசு இல்லாம செத்தவங்களுக்குச் சோறு படைப்பாங்கடா. இடம் விட மாட்டாங்க. வரவேண்டியவங்களுக்குத்தான் இடம் விடுவாங்க."

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. வரவேண்டியவன் என்றால் எங்கோ போனவன். போனவன் என்றால் கப்பலில்தான் போயிருக்கவேண்டும். எங்கள் இருவர் புத்தியும் ஒன்றுபோல அங்கேதான் ஓடியது. நாகப்பட்டினத்துக்குப் போனோம். பினாங்குக்கும் ரங்கூனுக்கும் ஆள் ஏற்றிய தரகர்களின் பிள்ளைகளைத் தேடி உச்சி வெயிலில் அலைந்தோம். உன் காலில் கொப்புளம். ரங்கூனிலிருந்து வந்தவர், போகிறவர் எல்லோரையும் நிறுத்தி, பார்க்காத ஒருவனைப் பார்த்தீர்களா என்று கேட்டோம்.

அந்த மனிதனின் பேரன் திருச்சி வாழைக்காய் மண்டியில் உட்கார்ந்திருந்தான், அக்கா. நம் சித்தப்பா வண்டி கொண்டுபோய் நிறுத்துகிற அதே மண்டியில்.

வெள்ளத்தில் வாழை சாய்ந்த வருஷம், விலை விசாரிக்க நான் மண்டிக்குப் போயிருந்தேன். நம் ஐந்தாம் அடுப்பு ராமலிங்கம் சித்தப்பா வண்டியோடு வாசலில் நிற்கிறார். கல்லாவில் அருளப்பன் என்கிற பாலக்கரைக்காரர்.

"அருளப்பா, வண்டிய உள்ள விடு. காயப் பாரு, பூவன் ஒவ்வொண்ணும் ஆனைத் தந்தம்."

"தந்தத்த ஏன் மண்டிக்குக் கொண்டாந்தீங்க, சமஸ்தானத்துக்குக் கொண்டு போங்க. இங்க இடம் இல்லீங்க."

"ஒரு வண்டிக்கு இடமில்லாத மண்டி என்ன மண்டி?"

"உங்க வழி எங்களுக்கு வராதுங்க. நீங்க அடுப்புக்கு இடம் விட்டு வைப்பீங்க, ஆளை விடமாட்டீங்க. நான் இடம் இருந்தா ஆளை விடுவேன், இல்லேன்னா இல்லேம்பேன்."

மண்டி முழுக்கச் சிரித்தது. சித்தப்பா மட்டும் மாட்டை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். எனக்கு விலை விசாரிக்க வந்ததே மறந்துவிட்டது.

பொன்மலைக்கு ஓடிவந்து உன்னிடம் சொன்னபோது நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். "நாகப்பட்டினத்துல என் கால் வெந்துச்சே, அதுக்குச் சித்தப்பா என்ன சொல்றாராம்?" என்றாய்.

சித்தப்பா சொன்னது உனக்குத் தெரியும். திண்டாடவே இல்லை. "வாரிசு இருக்கான்னு கேட்டீங்க. நம்ம சாமிய விட்டுட்டுப் போனவன் நமக்கு வாரிசா?" திருவெறும்பூர் பெரியவரும் மணப்பாறை அத்தையும் அவரிடம் கேட்டதைத்தான் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாய் என்று நான் நினைத்தது ஒரே வாய்.

பாலக்கரையில் அருளப்பன் வீட்டில் நாம் முதன்முதலாகப் போய் உட்கார்ந்தபோது அவர் மனைவி காபி கொடுக்கத் தயங்கினாள், குடிப்போமோ மாட்டோமோ என்று. நீ டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, வழக்கம்போல, "உங்க வீட்டுல பழைய அண்டா ஏதாச்சும் இருக்காம்மா?" என்றாய். இருந்தது. நெல் அவிக்கிற அண்டா. கழுத்தில் "கா". நீ அதைத் தடவிக்கொண்டு நின்றாய். அருளப்பன் ஒன்றும் புரியாமல், "அது ஓட்டைங்க" என்றார்.

பிறகு அவர் சொன்னார். தாது வருஷப் பஞ்சத்தில் அவருடைய தாத்தா பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு காவிரியைத் தாண்டித் திருச்சிக்கு வந்தார். கஞ்சி ஊற்றிய மாதா கோயில்காரர்களோடு சேர்ந்தார், ஞானஸ்நானம் வாங்கினார். அடுத்த ஆடியில் கொள்ளிடக் கரைமேல் போய் நின்றார். அண்ணன் தம்பி யாரும் கிட்டே வர விடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடைசித் தம்பி தன் அடுப்புக் கற்களை நகர்த்தி நான்காம் இடத்தில் வைத்துப் பானையும் ஏற்றிவிட்டார். பானை பொங்குகிற நேரத்தில் அவர்களுடைய அம்மா எழுந்து வந்தாள். பானையை இறக்கினாள். எரிகிற அடுப்பிலிருந்து கற்களைக் கையால் எடுத்துப் பழைய இடத்தில் போட்டாள்.

"அந்த அம்மா பேரு?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. தாத்தா அம்மான்னுதான் சொல்லுவாரு."

அடுத்தவர் கல்லைத் தொடக்கூடாது என்ற கண்டிப்பு அன்றிலிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். ஊகத்தை ஊகம் என்றே எழுதிப் பழக்கம். இதையெல்லாம் உன் காகிதத்தில் உடனே எழுது என்று நீ சொன்னாய். ஒரு சாட்சிதான் இருக்கிறது, அதுவும் பேரன் கேட்ட பேச்சு, இரண்டாவது கிடைக்காமல் எழுதமாட்டேன் என்றேன். அதற்காக நீ என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இரண்டாவது சாட்சியைத் தேடுவதற்குள் யுத்தம் வந்தது. பித்தளை விலை ஏறியது. நீ கவிழ்த்துப் பார்த்த பாத்திரங்களை ஒவ்வொரு வீடாக விற்றுவிட்டார்கள். காமாட்சி அத்தை வீட்டுப் பரண் காலி. எத்தனை பெயர்கள் உலையில் உருகினவோ. பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸில் இருமிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். போன இடத்திலெல்லாம், "இப்பதாம்மா வித்தோம், நேத்து வந்திருக்கக் கூடாதா?" என்ற பதில். அந்த "நேத்து" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது நடப்புக்கு வருகிறேன்.

சித்திரையில் பங்காளிகள் கூட்டம் போட்டார்கள். மண்ணில் கல் வைத்துப் பொங்குவது பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறதாம். சிமென்டில் ஒரே மேடை, அதில் நெருக்கமாக நான்கு அடுப்பு. ஐந்தாம் அடுப்பு நகர்ந்து மூன்றாம் அடுப்பான என் அடுப்பின் பக்கத்தில் வந்துவிடும். கூடவே நம் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடுவார்களாம். நான்கு வீடு மட்டும்.

"நாலாவது வீடு?" என்று கேட்டேன்.

"காகிதக் கட்டுப்பாடுப்பா. பக்கம் போதாது" என்றார் முதல் அடுப்பு வீட்டுப் பெரியவரின் மகன்.

"ஒரு பக்கம் போதுமே."

"ஒரு பக்கத்துக்குக் காகிதம் கிடைச்சா காத்தாயி படம் போடலாம்ல?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். காத்தாயிக்கு எதிராக நான் என்ன பேசுவது?

பாலக்கரைக்குப் போய் அருளப்பனிடம் சொன்னேன். நீ போனதற்கு அவர் இன்னும் கறுப்புத்துணியைச் சட்டையில் குத்தியிருந்தார். மூன்று நாள் கணக்கு அவருக்குத் தெரியாது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அண்ணே, கூப்பிட்டாலும் நாங்க வந்து பொங்க மாட்டோம். எங்க சாமி வேற ஆயிப்போச்சு. சண்டையும் வேணாம்" என்றார். கொஞ்சம் தார்களை எண்ணிவிட்டு, "இடம் மட்டும் இருக்கட்டும்ண்ணே. இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

மேடைப் பேச்சே எழாத நாளில் ஆஸ்பத்திரியில் நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். ஜுரத்தில் உளறுகிறாய் என்று நர்ஸ் நினைத்தாள். "மூடிடப் போறாங்க வைத்தி. ஒரு வீட்டுக் கல்ல அந்த வீட்டு ஆள்தான எடுக்கணும்? கல்லே இல்லாத எடத்துல யாரு எடுப்பா? எடுக்க ஆள் வந்தாத்தான் மூடலாம்." பிறகு, "இன்னொண்ணு சொல்லணும், அப்புறம் சொல்றேன்" என்றாய். என்ன அது? எதைச் சொல்ல இருந்தாய்? தினமும் அந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை எழுதியது போன வாரம். முடிக்க மனம் வராமல் அப்படியே வைத்திருந்தேன். நேற்று விஷயம் நடந்துவிட்டது.

காலையில் கொத்தனார் கயிறு கட்டிவிட்டு நின்றார். மேடை கட்டவேண்டுமென்றால் ஒவ்வொரு வீடும் தன் கல்லை எடுக்கவேண்டும். முதல் வீட்டார் எடுத்தார்கள். இரண்டாம் வீட்டார் எடுத்தார்கள். சித்தப்பா தள்ளாத வயதில் குனிந்து தன் கற்களைத் தானே பெயர்த்து வேப்பமரத்தடியில் வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாம் வீட்டில் இப்போது மூத்தவன் நான்.

நான் என் கல்மேல் உட்கார்ந்தேன்.

"எழுந்திரிப்பா, வெயில் ஏறுது" என்றார் கொத்தனார்.

"நான் எடுக்கல."

"டேய் வைத்திலிங்கம், பேப்பர்ல எழுதுற வீம்பெல்லாம் இங்க வேணாம்" என்று சித்தப்பா வந்தார்.

"வீம்பு இல்ல சித்தப்பா. நாலாம் எடத்துல கல்லு கிடையாது, எடுக்க ஆள் இல்ல. அது அப்படியே இருக்கட்டும். மேடைய ரெண்டாக் கட்டுங்க."

"யாருக்கு எடம்? மண்டிக்காரனுக்கா?"

"பெத்தவங்க விட்ட எடம். கல்லைக் கையால எடுத்து..."

நான் முடிக்கவில்லை. அவர் கைத்தடியை ஓங்கித் தரையில் ஊன்றினார்.

"எனக்கே சொல்றியா? எங்கப்பன ஊரு பாக்க அவமானப்படுத்துன எடம்டா அது! அந்தப் பூவாயிக் கெழவி ரெண்டு கையும் வெந்து, அறுப்பு முடியிற வரைக்கும் ஒரு கவளம் அள்ளித் திங்க முடியாமக் கெடந்தா. யாரு ஊட்டிவிட்டா தெரியுமா? எங்கம்மா! அவமானப்பட்டவன் பொண்டாட்டி! மூணு வேளையும் ஊட்டிவிட்டா. அத எழுதுனியாடா நீ? எங்கப்பன் கல்ல நகத்துனத மட்டும் அச்சடிக்கப் போற. எங்கம்மா ஊட்டுனத எவன் அடிப்பான்?"

பூவாயி, அக்கா. அவள் பெயர் பூவாயி.

இத்தனை வருஷம், எத்தனை பரண், எத்தனை அண்டா, எத்தனை புளி. கேட்டபோதெல்லாம் வராத பெயர் கோபத்தில் வந்துவிட்டது. இரண்டாவது சாட்சியும் வந்துவிட்டது. தன் தாயிடம் கேட்டவர், மறுக்க எல்லாக் காரணமும் உள்ளவர். அதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. ஆறு மாதம் பொறுத்திருக்கக்கூடாதா நீ? இதற்காகவா முந்திக்கொண்டு போனாய்?

"நீங்க சொல்லலையே சித்தப்பா" என்றேன். "உங்கம்மா பேரு சொல்லுங்க. ஊட்டுனதையும் எழுதுறேன். அதத்தான் முதல்ல எழுதுவேன்."

அவர் பெயரைச் சொல்லவில்லை. கொத்தனார் மெதுவாக, "ஐயா, ஒண்ணாக் கட்டவா, ரெண்டாக் கட்டவா?" என்று கேட்டார்.

"எங்கிட்ட என்ன கேக்குற? கல்லுமேல உக்காந்திருக்கானே, அவனையே கேளு" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா வாழைக்கொல்லைப் பக்கம் திரும்பினார். போகிற வழியில் வேப்பமரத்தடியில் நின்றார். தன் மூன்று கற்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, பழைய இடத்தில், சரியாகப் பழைய இடத்தில், போட்டுவிட்டுப் போனார்.

ஆகவே மேடை முதல் இரண்டு வீட்டுக்கு மட்டும். அதற்குக் கிழக்கே மண்ணில் என் கல், பிறகு இடம், பிறகு சித்தப்பா கல். பார்க்க நன்றாக இல்லை. பாதிக் கட்டிய வீடு மாதிரி இருக்கிறது. பங்காளிகள் என்னோடு பேசவில்லை. மிச்ச சிமென்டை என்ன செய்வது என்று மட்டும் கேட்டு ஆள் அனுப்பினார்கள். புத்தகம் நான்கு வீட்டோடுதான் வருமாம். சித்தப்பா வீட்டு வாசலில் நேற்று மாலை போய் நின்றேன், கதவு திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. இந்த வருஷம் மூடவில்லை, அவ்வளவுதான். எனக்கும் வயதாகிறது. கல்மேல் உட்கார்ந்து எழுந்ததற்கே இன்று இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவர்களுக்குக் காகிதம் கிடைக்கவில்லை. எனக்கு இந்தப் பத்தி கிடைத்தது. தெரிந்ததை இங்கே போட்டுவிட்டேன்: பூவாயி என்ற தாய் எரிகிற அடுப்பிலிருந்து கல்லை எடுத்து, போன மகனுக்கு இடம் விட்டாள். வெந்த கைகளுக்குச் சோறு ஊட்டியவள் அவளுடைய கடைசி மருமகள்; பெயர் இன்னும் தெரியவில்லை. பாலக்கரையிலும் மணப்பாறையிலும் திருவெறும்பூரிலும் இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சித்தப்பா, நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். கதவைத் திறந்து சொன்னால் போதும். பேனா கொண்டுவர மாட்டேன்.

அக்கா, வருகிற ஆடிப் பொங்கலுக்கு என் மகள் ருக்மணியைப் புக்ககத்திலிருந்து வரச்சொல்லியிருக்கிறேன். உன்னைப்போலவே அவளுக்கும் அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஓரமாக நின்று நன்றாகப் பார்ப்பாள். என் கல் எங்கே முடிகிறது, இடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்குக் காட்டிவைக்கிறேன். நீ சொல்லாமல் போன அந்த இன்னொன்றையும் தேடிக்கொண்டே இருப்பேன். அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, உனக்காக உரக்க எண்ணுவேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

உன் ஒன்றுவிட்ட தம்பி,
மூன்றாம் அடுப்பு வைத்திலிங்கம்